ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எதற்கு வழக்கு?

“இந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவீங்க? போக வர பஸ் காசுக்கே காணாதேம்மா” என்று ஒரு ஷோரூமின் மேலாளர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அம்பாசமுத்திரத்தில் என் வீட்டுத் திண்ணையில் வைத்து நுகர்வோர் புகார்களை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே கேள்வியைப் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கேட்பார், புகார் கொடுக்க வந்த பெண்ணின் கணவர் கேட்பார், சில நேரம் வக்கீலே கேட்பார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதற்காக வந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியைத்தான் எடுத்துச் சொல்வேன். பஸ் காசுக்குக் காணாத தொகைகளுக்காக வந்த சட்டம் அது.

மேலாளர் சொன்ன ஆயிரத்து ஐந்நூறின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடையம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண் ஒருவர், திருநெல்வேலியில் இருக்கும் அந்தப் பெரிய ஷோரூமில் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கினார். விலை 21,490 ரூபாய். 4,990 ரூபாய் கையில் கட்டினார். மீதி 16,500. வட்டியில்லாத் தவணை, பத்து மாதம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் மாதம் 1,650 ரூபாய்தான் கணக்கிலிருந்து போக வேண்டும். போனது 1,800. மூன்று மாதம் போன பிறகு, பிளஸ் டூ படிக்கும் மகள்தான் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். அவளே அம்மாவை என்னிடம் அழைத்து வந்தாள்.

கடன் விவரம் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி இணைப்பாக இருந்தது. திறப்பதற்குப் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகப் போட வேண்டும். ஆதாரில் இருக்கிற பிறந்த தேதி வேறு, அவர் சொல்லும் தேதி வேறு என்பதால் அதற்கே சிறிது நேரம் பிடித்தது. திறந்தால் பதினான்கு பக்கம். கடன் தொகை 17,999 என்று இருந்தது. கூடுதலாக இருந்த 1,499 ரூபாய் எதற்கு என்று தேடினோம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. பர்ஸ் தொலைந்துபோனால் அதிலிருக்கும் கடன் அட்டைகளையும் வங்கி அட்டைகளையும் ஒரே அழைப்பில் முடக்கித் தரும் ஓராண்டுத் திட்டமாம். அந்தப் பெண்ணிடம் இருப்பது ஒரே ஒரு ஏடிஎம் அட்டை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் கணக்கின் அட்டை அது. அதையும் அவர் பர்ஸில் வைப்பதில்லை, அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.

“இதுக்குச் சம்மதம் கொடுத்தீங்களா?” என்று கேட்டேன். “நான் எங்கம்மா கொடுத்தேன்? அந்தத் தம்பி போனைக் கொடுங்கக்கான்னு வாங்கிச்சு. நம்பர் வரும், அதைச் சொல்லுங்கன்னாவ. சொன்னேன். ரெண்டு மூணு நம்பர் வந்துச்சு” என்றார். ஓடிபி. முதலாவது ஆதாருக்கு, அடுத்தது கடனுக்கு, மூன்றாவது இந்தத் திட்டத்துக்கு. கடன் கொடுத்த நிறுவனத்தின் கணினியில், ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு குறிப்பிட்ட நொடியில் வாடிக்கையாளர் முழுமனதோடு சம்மதித்தார் என்று பதிவாகியிருக்கும். போனை வாங்கிய அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை. மாதம் இத்தனை திட்டம் விற்றால்தான் ஊக்கத்தொகை என்று அவன் தலையில் சுமத்தியிருப்பார்கள்.

கோபம் வந்தது வேறு இடத்தில். அந்த 1,499ஐ அதன் பிறகும் பார்த்தேன். கொத்தனார் ஒருவர் மகளுக்குச் செல்போன் வாங்கிய கடனில் இருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் வாஷிங்மெஷின் கடனிலும் இருந்தது. அவர் ஆங்கிலம் படித்தவர், நிதானமானவர். அவரே கவனிக்கவில்லை. காட்டியபோது, “போகட்டும், விடுங்கம்மா. இதுக்காக அலைய முடியுமா?” என்றார். அவர் விட்டுவிட்டார். கொத்தனாரும் விட்டுவிட்டார்.

ஒருவர் விட்டுவிடுவார் என்பது நிறுவனத்தின் வரவு செலவுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆயிரம் பேரிடம் 1,499 எடுத்தால் ஏறக்குறைய 15 லட்சம். ஆயிரத்தில் ஐந்து பேர் சத்தம் போட்டால் அந்த ஐந்து பேருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரே ஆளிடம் 15 லட்சம் எடுத்தால் அவர் போலீசுக்குப் போவார், வக்கீல் வைப்பார், ஊரைக் கூட்டுவார். ஆயிரம் பேரிடம் பங்கு போட்டு எடுத்தால் யாருக்கும் அது திருட்டாகத் தெரியாது. தொகையைச் சின்னதாக வைத்திருப்பதே அதற்குப் பாதுகாப்பு. வழக்குப் போடும் செலவைவிட இழப்பு குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், எந்தச் சட்டமும் கிட்டே வராது என்ற கணக்கு.

இந்தக் கணக்கைத் தப்பாக்குவதுதான் நுகர்வோர் சட்டத்தின் நோக்கம் என்பது என் கட்சி. ஏமாந்தவருக்குப் பணம் வாங்கித் தருவது அதில் ஒரு பகுதி. பெரிய பகுதி, அடுத்த ஆயிரம் பேரிடம் எடுக்க நினைப்பவருக்கு அது நஷ்டத்தில் முடியும்படி செய்வது.

1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற முதல் சட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதற்கு முன்பும் வாங்குபவருக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தச் சட்டம் இருந்தது, பொருள் விற்பனைச் சட்டம் இருந்தது, எடையளவுச் சட்டம் இருந்தது. 1984இல் ஏகபோக வணிகத் தடைச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைகளுக்கு எதிரான பிரிவுகளையும் சேர்த்திருந்தார்கள். ஆனால், அதற்கான ஆணையம் இருந்தது டெல்லியில். உள்ளூரில் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால் நீதிமன்றக் கட்டணம், வக்கீல், வருடக்கணக்கான வாய்தா. ஓட்டை விழுந்த பிரஷர் குக்கருக்காக முன்சீப் கோர்ட் படியேறுகிறவர் யார்? உரிமை இருந்தது, அதைக் கேட்கும் இடம் கைக்கு எட்டவில்லை.

1985 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அடுத்த ஆண்டு நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் செய்த முக்கியமான காரியம், கேட்கும் இடத்தை மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுவந்ததுதான். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று ஏற்பாடு செய்தது. இப்போதிருக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த உறுதிகளைக் கைவிடவில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் இன்றும் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ வாங்கிய ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் போய், குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று வந்திருக்கிறது. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என்னைப் போல வக்கீல் அல்லாத ஒருவர், பணம் வாங்காமல் இன்னொருவருக்காக நுகர்வோர் ஆணையத்தின் முன்னால் நின்று பேசலாம் என்பதற்கு 2011இல் உச்ச நீதிமன்றமே வழிசெய்து கொடுத்தது.

உச்ச நீதிமன்றத்துக்கு இந்தச் சட்டத்தின் மீது ஒரு காலத்தில் தனி வாஞ்சை இருந்தது என்றே சொல்லலாம். 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில், வீடு கட்டித் தரும் அரசு அமைப்பும் சேவை வழங்குநர்தான், அதிகாரிகள் மக்களை அலைக்கழித்தால் இழப்பீடு உண்டு என்றது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவமனைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019இல் குருகிராம் அடுக்குமாடி வழக்கு ஒன்றில், வீடு வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி, கட்டுபவர் காலம் கடத்தினால் 9 சதவீதம் என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தைப் பார்த்து, ஒருதலைப்பட்சமான இப்படிப்பட்ட ஒப்பந்தமே நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனிப் பேசாதே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஓடிபி கொடுத்தாய் அல்லவா என்று கேட்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

வியாபாரிகள் தரப்பில் ஒரு வருத்தம் உண்டு. எல்லாச் சட்டமும் வாங்குபவன் பக்கம், எங்களுக்கு யார் என்பார்கள். எங்கள் ஊர்க் கடைவீதியில் தாத்தா காலத்திலிருந்து பாத்திரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜும் விற்கிறார். அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார், “நான் 22,200 சொல்றேன். டவுன்ல 21,490க்குப் போர்டு வச்சிருக்கான். எனக்கு அந்த விலைக்குக் கட்டவே கட்டாது. அவனுக்கு மட்டும் எப்படிக் கட்டுது?” எப்படிக் கட்டுகிறது என்பதை அந்தப் பீடிப் பெண்ணின் ஒன்பதாம் பக்கம் சொல்கிறது. பலகையில் எழுநூறு ரூபாய் குறைத்து, தவணைக்குள் ஆயிரத்து ஐந்நூறு ஏற்றினால் கட்டும். கேட்காததை விற்காத கடைக்காரர் விலை கூடியவராகத் தெரிகிறார், வாடிக்கையாளரை இழக்கிறார். ஆக, 1,499இல் அடிபட்டவர்கள் இரண்டு பேர். புகார் கொடுத்த பெண் ஒருவர். இந்தப் பாத்திரக்கடைக்காரர் இன்னொருவர், அவர் எந்த மனுவிலும் இல்லை. நேர்மையாக விற்பவர் தொழிலில் நிலைத்து நிற்க வேண்டுமானால், மறைத்து விற்பவருக்கு அது கட்டுப்படியாகாமல் போக வேண்டும். நுகர்வோர் சட்டத்தை வியாபாரத்துக்கு எதிரான சட்டம் என்று நினைப்பவர்கள், எங்கள் கடைவீதியில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும்.

வழக்கு என்ன ஆயிற்று? முதலில் ஷோரூமுக்கும் கடன் நிறுவனத்துக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். அட்டைகள் முத்திரையோடு திரும்பி வந்தன, பதில் வரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். அதற்கு வேண்டிய தாள்களையெல்லாம் அந்தப் பெண்ணின் மகளே அடுக்கி எண் போட்டாள். ரிசர்வ் வங்கியின் உத்தரவு ஒன்று எங்களுக்குக் கை கொடுத்தது. 2024 அக்டோபர் முதல் கொடுக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்களை ஒரு தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. பதினான்கு பக்கத்தில் அப்படி ஒரு தாள் இருந்தது, ஆங்கிலத்தில். அதிலும் இந்த 1,499 இல்லை.

முதல் வாய்தாவுக்கு நிறுவனத்தின் வக்கீல் வந்து நேரம் கேட்டார். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய முப்பது நாள், அதற்கு மேல் பதினைந்து நாள், அதோடு கதவு மூடப்படும் என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருப்பதால் அதில் இழுக்க முடியாது. அந்த நாற்பத்தைந்து நாளுக்குள்ளேயே சமாதானத்துக்கு வந்தார்கள். 1,499ஐத் திருப்பித் தருகிறோம், மன உளைச்சலுக்கு ஐயாயிரம், வழக்கை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார்கள். இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று அதில் ஒரு வரி. அந்தப் பெண் வாங்கிக்கொண்டார். அவர் செய்தது சரி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்தால் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடி போய்விடும். பீடிச் சங்கத்தில் இலையும் தூளும் வாங்கி வைத்துவிட்டு எண்ணிக்கை குறைந்தால் ஏச்சு வேறு. எல்லோருக்காகவும் நின்று போராடு என்று அவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆனால், அன்று மாலையும் அதே ஷோரூமில் யாரோ ஒருவர் மூன்றாவது எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். ஒரு புகார்தாரரின் பணம் திரும்பி வந்தது, நிறுவனத்தின் கணக்கு அப்படியே இருந்தது.

சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஆணையம் என்னென்ன உத்தரவு போடலாம் என்று சொல்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு என்பதோடு அது நிற்கவில்லை. அந்த வணிக நடைமுறையையே நிறுத்து, இனிச் செய்யாதே என்று உத்தரவிடலாம். எளிதில் அடையாளம் காண முடியாத ஏராளமான நுகர்வோருக்கு இழப்பு ஏற்பட்டிருப்பதாகத் தெரிந்தால், அதற்காகத் தனியே ஒரு தொகையைக் கட்டச் சொல்லலாம். அது அப்படி விற்ற சேவையின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பழைய சட்டத்தில் இந்த அளவு 5 சதவீதமாக இருந்தது. நாடாளுமன்றம் அதை ஐந்து மடங்காக உயர்த்தியிருக்கிறது என்றால், ஆயிரம் பேர் கணக்கை அது புரிந்துகொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? நான் படித்த மாவட்ட ஆணைய உத்தரவுகளில், நடைமுறையை நிறுத்தச் சொல்வது, தனித் தொகை கட்டச் சொல்வது ஆகிய இந்த இரண்டையும் காண முடிவதில்லை. சேவைக் குறைபாடு, மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவுக்கு இவ்வளவு என்று முடிந்துவிடுகின்றன. ஆணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் கேட்டால்தானே கொடுப்பார்கள். புகார் மனுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ‘வேண்டுகோள்’ பகுதியில் யாரும் அந்த இரண்டு வரியை எழுதுவதில்லை. புகார் எழுதிக் கொடுக்கும் நுகர்வோர் சங்கத்தார், இளம் வக்கீல்கள் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது, அந்த இரண்டு வரியைச் சேர்த்து எழுதுங்கள்.

சட்டத்திலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு புதிய தலைப்பை 2019இல் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால், அந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கவில்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டும்தான். பதினாறாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் போட்டார்கள் என்று அந்தப் பெண் சொல்ல வேண்டுமானால், சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டும். குடியிருக்கும் ஊரிலேயே கேட்கலாம் என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, மிகவும் தேவையான இடத்தில் மறு கையால் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னக் கடன்காரர்களுக்குத்தான் மோசமான ஒப்பந்தங்கள் வாய்க்கின்றன. இந்த அதிகாரம் மாவட்டத்துக்கு வர வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

சட்டம் மத்திய அரசுடையது, ஆனால் அது மூச்சு விடுவது மாநில அரசால்தான். மாவட்ட, மாநில ஆணையங்களை அமைப்பதும், தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பதும், கட்டடமும் ஊழியரும் கொடுப்பதும் மாநிலத்தின் வேலை. இடங்கள் காலியாகக் கிடப்பதைக் கண்டு 2021இல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இந்த அமைப்புகள் வேண்டாம் என்றால் சட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்கிற அளவுக்கு அப்போது நீதிபதிகள் மனம் நொந்து பேசினார்கள். ஒரு உறுப்பினர் ஓய்வு பெறும் தேதி அவர் பதவியேற்கும் அன்றே தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரைத் தேடத் தொடங்குவதில் என்ன கஷ்டம்? தலைவர் இல்லாத ஆணையத்தில் வாய்தா மட்டும்தான் நடக்கும். வாய்தா எப்போதும் பெரிய கை உள்ளவருக்குத்தான் லாபம்.

மாநிலத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தொண்ணூறுகளில் கவர்ச்சி வட்டி காட்டிப் பணம் வாங்கிய நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடிவிட்டுப் போனபோது, தமிழ்நாடு அரசு 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் அஞ்சலகச் சேமிப்பை எடுத்து அங்கே போட்டவர்கள், பிறகு வெறும் ரசீதுகளோடு எங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டம் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போடட்டும் என்று விட்டுவிடவில்லை. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் மூலம் பணம் போட்ட எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வழி செய்தது. மாநிலத்துக்கு இப்படிச் சட்டம் போட அதிகாரம் இல்லை என்று எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2011இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அதன் கீழ் பணம் திரும்ப வருவதற்கு ஆகும் காலத்தைப் பற்றி எனக்குக் குறை உண்டு. இருந்தாலும் அதன் பார்வை சரியானது. மொத்தமாக எடுத்தவனிடம் மொத்தமாகக் கேட்க வேண்டும், சில்லறையாகக் கேட்டால் அவன் தப்பித்துவிடுவான்.

அந்தப் பார்வை நுகர்வோர் சட்டத்திலும் இருக்கிறது, மாவட்ட ஆட்சியரின் மேசையில். ஆம், 16ஆம் பிரிவு. நுகர்வோர் ஒரு கூட்டமாகப் பாதிக்கப்படும் நியாயமற்ற வணிக நடைமுறை பற்றிப் புகார் வந்தால், தன் எல்லைக்குள் ஆட்சியர் விசாரிக்கலாம். விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். அந்த ஆணையம் அந்த நடைமுறையை நிறுத்தச் சொல்லலாம், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் அதிகாரம் இது. இணைய வணிகத்தில் நடக்கும் இத்தகைய வேலைகளுக்கு எதிராக, 2023 நவம்பரில் அதே ஆணையம் பதின்மூன்று வகை பிரித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது அதில் ஒரு வகை. இணையத்தில் தவறாக இருப்பது ஷோரூமில் சரியாகிவிடாது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நீளும் வரிசையை எல்லோரும் பார்த்திருப்போம். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, ரேஷன் கார்டு. ரேஷன் கார்டை மாற்றித் தரும் துறையின் பெயரிலேயே நுகர்வோர் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால், கடை ஏமாற்றிவிட்டது என்று அந்த வரிசையில் யாரும் நிற்பதில்லை. நின்றாலும், இது இங்கே வராதும்மா, கோர்ட்டுக்குப் போங்க என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தனி ஆளின் இழப்பீட்டுக்கு அது சரியான பதில். ஒரே மாதிரி ஏமாற்றப்பட்ட பலருக்கு அது தவறான பதில்.

இப்போது என்னிடம் அதே 1,499 இருக்கும் கடன் தாள்கள் ஒரு கட்டு சேர்ந்திருக்கின்றன. நகலெடுத்து, அவரவர் கையெழுத்தோடு கூட்டு மனுவாக ஒரு திங்கட்கிழமை கொடுக்கப்போகிறோம். கேட்கப்போவது எளிய விஷயம். கடந்த இரண்டு ஆண்டில் இந்த மாவட்டத்தில் கொடுத்த வீட்டு உபயோகப் பொருள் கடன்களில், எத்தனை பேருக்கு இந்தத் திட்டம் சேர்க்கப்பட்டது, அதில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது பயன்படுத்தினார்கள் என்ற பட்டியலை நிறுவனத்திடமிருந்து ஆட்சியர் வாங்கட்டும். பட்டியல் எடுப்பது அவர்களுக்கு அரைமணி நேர வேலை. சம்மதத்தை நொடிக் கணக்கில் பதிந்து வைத்திருப்பவர்கள்தானே. பயன்படுத்தாதவர்களின் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அறிக்கை அனுப்பட்டும். யாரையும் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, யாரும் பஸ் ஏறி வர வேண்டியதும் இல்லை. மாதத் தவணை எடுத்த அதே வங்கிக் கணக்கில் 1,499ஐப் போட்டுவிடலாம்.